மார்க்கெட்டுக்கு லீவு விட்ட வியாழக்கிழமை

என் மனைவி ஷேர் மார்க்கெட்டில் இறங்கிய பிறகு எங்கள் வீட்டில் காலை ஒன்பதுக்குள் மதியச் சமையலும் முடிந்துவிடும். ஒன்பதேகாலுக்கு மார்க்கெட் திறக்கும், மூன்றரைக்கு மூடும். அதுவரை அவள் ஜன்னலோரம் போனும் கையுமாக உட்கார்ந்திருப்பாள். ஏதாவது கேட்டால் பதில் வரும், முகம் மட்டும் திரும்பாது. எனக்கு அதில் பெருமைதான். யாரும் சொல்லித்தராமல், தானே பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவள்.

சிக்கல் வேறு. நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்பு உருக்கும் ஆலையில் வேலை செய்கிறேன். உலையை அணைக்க முடியாது என்பதால் வார விடுமுறையை ஆளுக்கொரு கிழமையாகப் பிரித்துக் கொடுப்பார்கள். எனக்குப் புதன்கிழமை. மார்க்கெட்டுக்கோ சனி, ஞாயிறு. நாங்கள் இருவரும் ஒரே நாளில் சும்மா இருக்க வேண்டுமென்றால், மார்க்கெட் விடுமுறை ஒன்று புதன்கிழமையில் வந்து விழ வேண்டும். புது வருடம் பிறந்ததும் மற்றவர்கள் தீபாவளி என்றைக்கு என்று பார்ப்பார்கள். நான் பங்குச்சந்தை விடுமுறைப் பட்டியலில் புதன்கிழமையைத் தேடுவேன்.

அந்த வருடம் பக்ரீத் புதன்கிழமை என்று போட்டிருந்தது. என்னோடு உலையில் நிற்கும் நண்பன் பழவேற்காட்டுக்காரன். வருடா வருடம் பெருநாளுக்குக் கூப்பிடுவான். நான் மட்டும் ஷிப்ட் முடிந்து போய்விட்டு வருவேன். என் மனைவியை அவன் வீட்டில் யாரும் பார்த்ததே இல்லை. இந்த முறை இருவரும் வருகிறோம் என்று ஒரு மாதத்துக்கு முன்பே சொல்லிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் மறுநாளைக்குப் புடவை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். போனில் ஏதோ செய்தி வந்தது. படித்துவிட்டு இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"லீவ மாத்திட்டாங்க. நாளைக்கு மார்க்கெட் கீது. நாளன்னிக்குதான் லீவாம்."

பட்டியலை வருடத் தொடக்கத்திலேயே போட்டுவிடுவார்கள். பிறை தெரிந்த பிறகு சில சமயம் நாள் தள்ளிப்போகும். அது எனக்குத் தோன்றவே இல்லை. நண்பனுக்குப் போன் செய்தேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"பெருநாளே வியாழக்கிழமதான் பா. பிறை பாத்து எத்தினி நாளாச்சு. பெருநாளைக்கு வரேன்னு சொன்ன, எந்தக் கிழமைன்னு நீ கேக்கவே இல்லியே."

எனக்கு முகம் தொங்கிப்போனது. வியாழக்கிழமை எனக்கு வேலை. மனைவிதான், வார ஆஃபை மாற்றித் தரச்சொல்லிக் கேட்டுப் பாருங்களேன் என்றாள். எங்கள் ஷிப்ட் இன்சார்ஜிடம் யாரும் லேசில் எதுவும் கேட்பதில்லை. அதுவும் பெருநாளன்று ஏற்கெனவே ஆள் குறைவு. அவள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்ததால்தான் எனக்குப் போன் செய்யத் துணிச்சல் வந்தது. பொய்க் காரணம் எதுவும் வாயில் வரவில்லை. நடந்ததை அப்படியே சொன்னேன்.

அவர், "ஷேர் மார்க்கெட் லீவுக்காக ஆஃப் மாத்தச் சொல்ற மொத ஆளு நீதான்யா" என்றார். "நாளைக்கு வந்துரு. வியாழக்கிழம உன் எடத்துல நான் நிக்கறேன். ஊட்டுக்காரிய இட்டுக்கினு போய்ட்டு வா."

புதன்கிழமை நான் உலை முன்னால் பாட்டுப் பாடிக்கொண்டே நின்றேன்.

வியாழக்கிழமை பொன்னேரி வரை ஒரு பஸ், அங்கிருந்து பழவேற்காட்டுக்கு இன்னொன்று. நண்பன் வீட்டுக் கூடம் நிறைய உறவுக்காரப் பெண்கள். பிரியாணி சாப்பிட்டு முடித்ததும் நண்பனின் அம்மா என் மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து, என்ன வேலை செய்கிறாய் என்று விசாரித்தார். ஷேர் வாங்கி விற்கிறேன் என்றாள். கடை எங்கே, எத்தனை மணிக்குத் திறப்பாய் என்று அடுத்தடுத்துக் கேள்விகள்.

அவள் சளைக்கவில்லை. "உங்க கரையில மீன் ஏலம் வுடறாங்க இல்ல மா, அந்த மாதிரிதான். தொறக்கறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் எல்லாரும் அவங்கவங்க வெலையச் சொல்லுவாங்க. அத வெச்சி மொத வெல நிக்கும். அப்புறம் சாயங்காலம் மணி அடிக்கற வரைக்கும் ஏலந்தான்."

அம்மா எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்ப மீனு எங்க?"

கூடமே சிரித்தது. அதிகமாகச் சிரித்தவள் என் மனைவிதான். கண்ணில் தண்ணீர் வந்து முந்தானையால் துடைத்துக்கொண்டாள். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. மீனே இல்லாத ஏலத்துக்கு என் மகனையும் இழுத்துவிடாதே என்று நண்பனின் அம்மா என்னைப் பார்த்துச் சொல்ல, மறுபடியும் சிரிப்பு.

வெயில் தாழ்ந்ததும் பெண்கள் எல்லோரும் அவளை ஏரிக்கரைக்கு அழைத்துப் போனார்கள். நானும் கிளம்பினேன். நண்பன் என் சட்டையைப் பிடித்து நிறுத்தி, கையில் தேங்காய் நாரைக் கொடுத்துக் கொல்லைப்புறம் கூட்டிப்போனான். அங்கே பிரியாணி அண்டா கிடந்தது. இருவரும் உட்கார்ந்து தேய்த்தோம். வேலிக்கு அப்பால், ஏரியோரமாக, அவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில், எதையோ உரக்கச் சொல்லிக்கொண்டே நடந்து போனாள்.