அக்காவுக்குக் கிடைக்காத நாற்காலி: மொன்றியலில் மூன்று நாள்

கடந்த ஒக்டோபரில் நான் மொன்றியல் போனது ஊர் பார்க்க அல்ல. அங்கே புற்றுநோய் மருத்துவராக இருக்கும் என் அக்கா, தன் பிரிவுக்கு மூன்று வருடமாகத் தற்காலிகத் தலைவர். நிரந்தரத் தலைவர் யார் என்பதை வெள்ளிக்கிழமை சொல்வார்கள். "நீ வந்து பக்கத்தில நில்லடி" என்றாள். கொண்டாடத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து, இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு மேசையும் பதிவு செய்தேன்.

ரொறன்ரோவில் வெள்ளி காலை 8.32க்கு ரயில். 540 கிலோமீற்றர், டிக்கெட் 89 டொலர். பிற்பகல் 2.10க்கு இறங்கியபோது மழை. மெட்ரோ பிடித்து மூன்று மணிக்கு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

காத்திருப்பு அறையில் பக்கத்தில் இருந்தவர் திருகோணமலைக்காரர், துறைமுகத்தில் வேலை. மனைவிக்கு உள்ளே மருந்து ஏறிக்கொண்டிருந்தது. நான் யார் என்று தெரிந்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்கட அக்காவாலதான் என்ர மனிசி இண்டைக்கு உயிரோட இருக்கிறா. ஆனா தங்கச்சி, பெரிய டொக்டர் ஒருக்கா வந்து பார்க்க மாட்டாரோ? கேட்டுச் சொல்லுங்கோவன்."

"அவதான் அண்ணை பெரிய டொக்டர்."

"ஓமோ?" என்றார். நம்பினாரா தெரியவில்லை.

4.20க்கு அக்கா கோட்டோடும் பையோடும் வந்தாள். முகத்தைப் பார்த்ததுமே சாப்பாட்டு மேசையை ரத்துச் செய்துவிட்டேன். அவள் வீடு இல்-பிசார் தீவில். முப்பது கிலோமீற்றர்தான்; வெள்ளி மாலை நெரிசலில் ஒன்றரை மணி நேரம் எடுத்தது. பாதி வழியில்தான் கேட்டேன்.

"ஆருக்குக் குடுத்தவை?"

"மார்க்குக்கு. நான் பழக்கி எடுத்த பெடியன்தான். நல்லவன். அவனுக்குத் தொலைநோக்கு இருக்காம். எனக்கு நோயாளியளில அக்கறை இருக்காம்." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "தெரிவுக்குழுவில ஏழு பேர். அதில ஒரேயொரு பொம்பிளை. அவவும் குனிஞ்சுகொண்டு இருந்தா."

அவள் பிரிவில் பதினொரு மருத்துவர்கள். ஏழு பேர் பெண்கள். இன்றுவரை நிரந்தரத் தலைவரான எல்லாரும் ஆண்கள்.

சனிக்கிழமை காலை 10 மணிக்கு அக்கரையில் இருக்கும் லவாலுக்குப் போகும் பாதையில் காரை ஏற்றினோம். கார்களை ஏற்றி ஆற்றைக் கடக்கும் சிறிய படகைத்தான் பாதை என்கிறோம். சில நிமிடத்தில் அக்கரை. ஆறும் வானமும் ஒரே சாம்பல் நிறம். அக்கரை வந்ததும் அக்கா காரை எடுக்கவில்லை. படகுக்காரர் வந்து கண்ணாடியைத் தட்டினார். திரும்பிப் போகிறோம் என்று பிரெஞ்சில் சொன்னாள். அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விலகிப் போனார். கரையில் இறங்காமலே திரும்பினோம். அப்போதுதான் அழுதாள்.

"ஆறு மாசம் நிண்டு அவனுக்கு வேலை பழக்கச் சொல்லிக் கேட்டவை."

"நீ மாட்டன் எண்டுதானே சொன்னனி?"

"ஓம் எண்டிட்டன். மருந்து குடுக்கிற நாளுகள் குழம்பினால் மார்க்குக்கு ஒண்டும் நடக்காதடி. சனம்தான் சாகும்."

எனக்கு அவள்மேலேயே கோபம் வந்தது. ஞாயிறு ரயிலில் ஐந்தரை மணி நேரமும் அது ஆறவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: இல்-பிசாருக்கு பஸ் குறைவு, கார் இல்லாமல் போகாதீர்கள். குளிர்காலத்தில் பாதை ஓடாது. ஒக்டோபரிலேயே தடித்த ஜக்கெட் வேண்டும். நல்ல செய்தி வரும் என்று நம்பி முன்கூட்டியே மேசை பதிவு செய்யாதீர்கள்.

போன வாரம் அக்கா எனக்கு போன் எடுத்தாள். அவளோடு வேலை செய்யும் இளம் பெண் மருத்துவர் ஒருத்தி, வேறொரு மருத்துவமனையில் தலைவர் பதவிக்கு விண்ணப்பிக்கட்டுமா என்று கேட்டாளாம்.

"நீ என்ன சொன்னனி?"

"போடு எண்டுதான் சொன்னனான்" என்றாள். "ஆனா அவளின்ர முகத்தைப் பார்த்துச் சொல்ல ஏலாமப் போச்சு."