மீதி முப்பத்து நான்கு கட்டங்கள்

கெலெமன் புடாபெஸ்டில் எங்கள் இசைப்பள்ளியில் இருபத்தாறு வருடம் இசையிலக்கணம் நடத்தினார். உண்மையில் அவர் நடத்தியது எண்ணிக்கை. எந்த உருப்படி கையில் கிடைத்தாலும் கோடு போட்டுப் பிரித்த தாளக் கட்டம் ஒவ்வொன்றுக்கும் பென்சிலால் நம்பர் போடுவார். அவர் கண் தேடுவது 21, 34, 55, 89. முன்னிரண்டைக் கூட்டினால் அடுத்தது. 89 கட்டமுள்ள உருப்படியின் உச்சம் 55-இல் வந்துவிட்டால் போதும், பொன் விகிதம் அகப்பட்டது என்று அன்று முழுக்கத் தரையில் கால் பாவாது. கச்சேரி கேட்கும்போதும் கட்டத்துக்கு ஒரு தட்டு, முழங்காலில். கசகசா ரொட்டியைக்கூட அளந்துதான் கடிக்கிறார் என்று டிராமில் நாங்கள் சிரித்திருக்கிறோம்.

நான் பொர்பாலா, அங்கே இசைத்தாள்களை நகலெழுதுகிறவள். அவர் மனைவி எதெல்கா இயற்றியதையெல்லாம் பதினோரு வருடம் நான்தான் படியெடுத்தேன்.

எதெல்கா ஒரு பிப்ரவரியில் இறந்துபோனார். மறுநாளே கெலெமன் வகுப்புக்கு வந்தார். அழுது நான் பார்க்கவில்லை. செல்லோ வாத்தியத்துக்கு எதெல்கா எழுதிய ஒரு உருப்படி வீட்டில் இருந்தது. 55 கட்டம். கடைசிக் கட்டத்தில்தான் உச்சம். அப்படியென்றால் மொத்தம் 89, மீதி 34 எங்கோ இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார். பியானோ முக்காலி, ஆஸ்பத்திரிப் பை, ஜாம் பாட்டில் அலமாரி என்று இரண்டு வருடம் தேடினார். செல்லோ ஆசிரியை யோலான் வாசிக்கக் கேட்டபோதும் கொடுக்கவில்லை.

"முழுசாக் கிடைக்கட்டும்."

"கிடைக்காட்டி?"

"கிடைக்கும்."

போன இலையுதிர் காலத்தில் அதை என் மேசையில் வைத்தார். "நகல் எடுங்க, பொர்பாலா. கடைசில முப்பத்திநாலு கட்டம் காலியா விடுங்க."

கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். "சார், இது முடிஞ்சிருச்சே."

"எங்க முடிஞ்சிருக்கு? கடைசிக் கட்டத்துக்குப் பின்னாடி ரெண்டும் மெல்லிசுக் கோடு. ஒரு பகுதி முடிஞ்சா அப்படிப் போடுவாங்க. உருப்படி முடிஞ்சா ரெண்டாவது கோடு தடிச்சிருக்கணும்."

"உங்க வீட்டம்மா என்னைக்குமே தடியாக்குனதில்ல சார். மை வீணாம். 'அதெல்லாம் பொர்பாலா பாத்துப்பா'ன்னு விட்டுடுவாங்க. பதினோரு வருஷமா நான்தான் தடியாக்குனேன்."

அத்தனை வருடமும் கெலெமன் நம்பர் போட்டது என் நகல்களில்தான், எதெல்காவின் கையெழுத்துப் பிரதிகளில் அல்ல.

"அப்ப உச்சம்?"

"கடைசியிலதான். அவங்க பாட்ட அவங்க எங்க வேணா முடிப்பாங்க."

என் வாய் அப்படி. கொஞ்சம் பதமாகச் சொல்லியிருக்கலாம். இன்றைக்கும் அது உறுத்துகிறது.

"தேட ஒண்ணுமில்லைங்கிறீங்க."

"இல்ல சார்."

என் பேனாவை எடுத்து என்னிடமே நீட்டினார். "தடியாக்கிருங்க."

தடியாக்கினேன். மை காயும்வரை நின்று பார்த்துவிட்டு மூன்றாம் வகுப்புக்குப் போனார். முகத்தில் ஒன்றுமே இல்லை.

மே மாதம் யோலான் அதை வாசித்தாள். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வழக்கம்போல விரல் முழங்காலில் தட்டியது. 55-இல் உச்சம், அதோடு முடிந்தது. கைதட்டினார்கள். யோலான் குனிந்து வணங்கினாள். கெலெமனின் விரல் நிற்கவில்லை. 56, 57. ஆட்கள் மேல்கோட்டுகளை மாட்டிக்கொண்டு எங்கள் முழங்கால்களைத் தாண்டிப் போனார்கள். தொடலாமா என்று யோசித்தேன், தொடவில்லை. நானும் எண்ணினேன்.

89-இல் விரல் நின்றது.

"போலாம்," என்றார்.