நான் அழித்த புள்ளி

என் மேசையின் கீழ் இழுப்பறையில் ஸ்பெயின் நாட்டின் வீதி வரைபடம் ஒன்று கிடக்கிறது. மடிப்புகள் கிழிந்து, பின்பக்கம் ஒட்டுநாடா ஒட்டி, அந்த ஒட்டுநாடாவும் மஞ்சளாகிவிட்டது. அதன் மேற்குப் பக்கத்தில், போர்த்துக்கல் எல்லைக்குச் சற்று இப்பால், ஓரிடத்தில் காகிதம் மெலிந்துபோயிருக்கிறது. அங்கே என் தங்கையின் கணவர் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருந்தார். நான் அதை அழிறப்பரால் அழித்தேன். கரி போய்விட்டது, அழுத்திய தடம் போகவில்லை. கண் மங்கிவிட்ட இந்த வயதிலும் விரலால் தடவினால் அந்த இடம் தட்டுப்படுகிறது.

யாழ்ப்பாணத்தில் நான் புவியியல் ஆசிரியர். ஐபீரியக் குடாநாட்டின் கரையோரத்தைக் கரும்பலகையில் கையெடுக்காமல் ஒரே கோட்டில் வரைவேன். ஜேர்மனிக்கு வந்தபின் ஹனோவரில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் படுக்கை விரிப்பு மடித்தேன். அங்கே என்னை யாரும் ஆசிரியர் என்று அழைக்கவில்லை. குடும்பத்துக்குள் மட்டும் நான் ஆசிரியராகவே இருந்தேன். பெரியவர்களில் ஜேர்மன் மொழியை இலக்கணத்தோடு படித்தவன் நான் ஒருவன்தான் என்பதால் எல்லோருடைய கடிதங்களும் என்னிடம் வரும். என் மைத்துனருக்கு வரும் கடிதங்களை நான் வாசித்துச் சொல்வேன். பதிலை நான் எழுதுவேன். அவர் கீழே கையெழுத்து வைப்பார். என்ன எழுதியிருக்கிறேன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. "அன்ட்ராக் எல்லாம் அண்ணை பாப்பார்" என்று விண்ணப்பப் படிவங்களைச் சிரித்தபடி என் பக்கம் தள்ளிவிடுவார். தங்கை என்னை அண்ணை என்று கூப்பிடுவதால் அவரும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டார். தமையன் சொல்லுக்கு மறுசொல் இல்லை என்ற வழக்கத்தையும் அந்தச் சொல்லோடு சேர்த்து அவர் ஏற்றுக்கொண்டார். அந்த வசதியில் நான் நெடுங்காலம் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன் என்பதை இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது.

அவர் ஒரு ரப்பர்த் தொழிற்சாலையில் இயந்திரத்தில் நின்றார். அதிகம் பேசாத மனிதர். கார் ஓட்டுவதில் வல்லவர். எனக்குக் கார் ஓட்ட வராது. எழுத்துச் சோதனையில் ஒரு பிழையும் இல்லாமல் தேறி, வீதியில் இரண்டு முறை தோற்று, அதோடு விட்டுவிட்டேன். ஆகவே எங்கே போனாலும் வரைபடம் என் மடியில், சுக்கான் அவர் கையில்.

புதிய யூரோத் தாள்கள் கைக்கு வந்து அதிக காலம் ஆகாத ஒரு வருடம் அது. எங்கள் விடுமுறைகள் எல்லாம் அதுவரை பாரிசில் ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியவீடு, லண்டனில் ஒரு கல்யாணம் என்று உறவினர் வீட்டுத் தரையில் மெத்தை போட்டுப் படுத்தே கழிந்தவை. அதற்கு முந்திய அகதிக் காலத்தில், மாவட்ட எல்லையைத் தாண்டுவதற்கே அலுவலகத்தில் அனுமதிக் கடிதம் வாங்க வேண்டும். இப்போது கையில் ஜேர்மன் கடவுச்சீட்டு இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு மைத்துனர், "இந்த முறை ஸ்பெயினுக்குப் போவமோ, அண்ணை?" என்று கேட்டார். அவராக ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. ஏன் ஸ்பெயின் என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. அடுத்த நாளே போய் வரைபடம் வாங்கிவந்துவிட்டேன்.

மேற்கு ஸ்பெயினில், தக்கை தரும் கோர்க் மரங்களும் காய்ந்த புல்வெளிகளுமாக இருந்த ஒரு நாட்டுப்புறத்தில், ஏழு நாட்களுக்கு ஒரு பழைய பண்ணை வீட்டை வாடகைக்கு எடுத்தோம். அங்கிருந்து ஒவ்வொரு நாளும் காரில் எங்கே போவது என்று மூன்று மாதம் இருந்து திட்டம் போட்டேன். நகர நூலகத்தில் வழிகாட்டி நூல்கள் எடுத்து, சதுரக்கோட்டுக் கொப்பியில் நேரம், தூரம், பார்க்க வேண்டியவை, வாகனம் நிறுத்தும் இடம் என்று பந்தி பந்தியாக எழுதினேன். எனக்கென்று சில விதிகளும் இருந்தன. காலை ஏழரைக்குப் புறப்பட வேண்டும். ஒரு நாளுக்கு இரண்டு இடமாவது பார்க்க வேண்டும். போன வழியால் திரும்பி வரக் கூடாது. அது வீண், அதே நிலத்தை இரண்டு தரம் பார்ப்பதில் படிப்பதற்கு ஒன்றுமில்லை என்பது என் கொள்கை. கொப்பியைப் பார்த்துவிட்டு என் மனைவி, "பள்ளிக்கூட நேரசூசி மாதிரிக் கிடக்கு. இதிலை இடைவேளை எப்ப?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

ஒரு மாலை வரைபடத்தை விரித்தபோது அந்தப் புள்ளியைக் கண்டேன். ஒரு சிறு கிராமத்தின் பெயருக்குப் பக்கத்தில் இருந்தது. மைத்துனர் தேநீர்க் கோப்பையோடு எதிரே இருந்தார்.

"இது ஆர் வைச்சது?"

"நான்தான் அண்ணை. இந்த இடத்துக்கும் ஒருக்காப் போனால் நல்லம்."

வழிகாட்டி நூல்களின் பின்பக்க அட்டவணையில் தேடினேன். அந்தப் பெயர் எதிலும் இல்லை. "அங்கை என்ன இருக்கு, தம்பி?"

"ஒண்டுமில்லை. சும்மா."

"சும்மா போறதுக்கு ஒரு நாளைக் குடுக்க ஏலாது. கடைசி நாள் நேரம் மிஞ்சினாப் பாப்பம்."

"ஓம் அண்ணை" என்றார். அழிறப்பரை எடுத்து அவர் கண் முன்னாலேயே அழித்தேன். வரைபடம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைத்தேனே தவிர வேறு கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதனால் அந்தச் செயல் சிறிதாகிவிடும் என்று இப்போது நான் நம்பவில்லை.

ஹனோவரிலிருந்து இரண்டரை நாள் ஓட்டம். நாங்கள் இரண்டு சோடியும்தான் போனோம், தங்கையின் மகள் பள்ளிக்கூட முகாமுக்குப் போயிருந்தாள். அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள், சோறு அவிக்கும் மின்சாரப் பானை எல்லாம் பின்பெட்டியில் ஏற்றியிருந்தோம். அவற்றுக்கு நடுவே தங்கை ஒரு பிஸ்கட் தகரத்தைத் துணியில் சுற்றி வைத்திருந்தாள். போய்ச் சேர்ந்த மறுநாள் ஏழரைக்கே நான் வாசலில் நின்றேன். மைத்துனருடைய கண்கள் சிவந்திருந்தன. ஒரு நாள் ரோமர் காலத்து அரங்கு, ஒரு நாள் மலைமேல் மடாலயம், ஒரு நாள் நாற்பது பாகை வெயிலில் கோட்டை. பெண்கள் இருவரும் நிழல் கண்ட இடத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். நான் கல்வெட்டுகளை வாசித்துக்கொண்டு போவேன். அவர் காரிலேயே இருக்கையைச் சாய்த்துப் படுத்துக் கிடப்பார். வருடம் முழுக்க இயந்திரத்தோடு நின்ற மனிதர் விடுமுறையையும் ஓர் இயந்திரத்துக்குள்தான் கழித்தார்.

நான்காம் நாள் காலை ஒரு நீண்ட நேர் வீதியில் போய்க்கொண்டிருந்தோம். திடீரென்று வேகம் குறைந்தது. வலப்பக்கச் சைகை விளக்கின் சத்தம் டிக், டிக் என்று கேட்டது. தலை நிமிர்ந்தேன். திருப்பத்தில் அந்தக் கிராமத்தின் பெயர்ப்பலகை.

"என்ன தம்பி?"

"இதாலை ஒருக்காப் போட்டு..."

"நேரை போம். பத்தரைக்கு அங்கை நிக்க வேணும்."

பின்னாலிருந்து தங்கை, "அண்ணை, இவர் ஒரு ஆளை..." என்று தொடங்கினாள். அவர் கண்ணாடியில் அவளைப் பார்த்து, "விடும்" என்றார். சைகைச் சத்தம் நின்றது. கார் நேரே போனது. தங்கை சொன்ன 'ஆளை' என்ற சொல் எனக்குத் தெளிவாகவே கேட்டது. எந்த ஆள் என்று கேட்க ஒரு நிமிடம் போதும். நான் மறுபடி வரைபடத்தைக் குனிந்து பார்த்தேன். மாலையில் என் விதிப்படி வேறு வீதியால் திரும்பினோம்.

கடைசி நாளில் நேரம் மிஞ்சவில்லை, நான் மிஞ்ச விடவில்லை. அன்று மாலை சோற்றோடு பொரித்த மோர்மிளகாய் வந்தது. பிஸ்கட் தகரத்துக்குள் இருந்தது அதுதான். "இதை ஏன் இவ்வளவு நாளும் ஒளிச்சு வைச்சனி?" என்று தங்கையைப் பகிடி பண்ணிவிட்டு நாலைந்து எடுத்துச் சாப்பிட்டேன். மைத்துனர் ஒன்றையும் தொடவில்லை. வெறும் சோற்றையும் பருப்பையும் பிசைந்துகொண்டிருந்தார்.

அடுத்த வசந்த காலத்தில் அவர் ஒரு கடிதத்தோடு வீட்டுக்கு வந்தார். ஸ்பெயின் முத்திரை, உள்ளே பள்ளிக்கூட ஜேர்மன். வழக்கம்போல வாசித்துச் சொல்லச் சொன்னார். எழுதியவள், அவரோடு பக்கத்து இயந்திரத்தில் பல வருடம் வேலை செய்து, ஓய்வு பெற்றுத் தன் ஊருக்குத் திரும்பிவிட்ட ஒரு ஸ்பானியரின் மகள். தகப்பன் பனிக்காலத்தில் இறந்துவிட்டார் என்று எழுதியிருந்தாள். அவர் தன் தமிழ் நண்பரைப் பற்றி, அவர் கொண்டுவரும் பொரித்த மிளகாயைப் பற்றி அடிக்கடி பேசுவாராம். அதற்குப் பிறகு ஒரு வரி. கோடையில் நீங்கள் அந்தக் கிழமை வருவதாகத் தொலைபேசியில் சொன்னதால், அப்பா பின்னேரங்களில் பெருவீதித் திருப்பத்துக்கு ஒரு கதிரையைக் கொண்டுபோய் அங்கேயே இருந்தார், ஏழு நாளும் இருந்தார், உங்களுக்கு ஏதும் நோய் நொடியோ என்று கவலைப்பட்டார்.

அந்த வரியை நான் வாசிக்கவில்லை. கண் அதன்மேல் ஓடியது, வாய் அடுத்த வரிக்குத் தாவியது. மரண அறிவித்தலை வாசித்தேன், அன்பு விசாரிப்பை வாசித்தேன், மகளின் பெயரை வாசித்தேன்.

"அவ்வளவுதானே அண்ணை?"

"ஓம், அவ்வளவுதான்."

கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். அன்று வரைக்கும் நான் செய்தது அலட்சியம். அந்தப் பின்னேரம் செய்தது வேறு. வேறொருவருடைய கடிதத்தை வாசிக்கிறவன் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தேன்.

மிச்சத்தைத் தங்கை பிறகு சொன்னாள். மைத்துனரின் தாய் ஊரில் இறந்தபோது அவருடைய அகதி வழக்கு முடிந்திருக்கவில்லை. போக வழியில்லை. செய்தியைத் தொழிற்சாலைக்குத் தொலைபேசியில் சொன்னவன் நான். வேலையை விட்டுவிட்டு வர வேண்டாம், நேரத்தை முடித்துக்கொண்டு வாரும் என்று புத்தியும் சொன்னேன். அவர் தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பி வந்து இயந்திரத்தடியில் நின்றபோது அந்த ஸ்பானியர் முகத்தைப் பார்த்துவிட்டு, இரண்டு இயந்திரங்களையும் நிறுத்திவிட்டாராம். மேலாள் வந்து கத்தியும் திருப்பிப் போடவில்லையாம். இரண்டு பேருக்கும் பொதுவான ஜேர்மன் சொற்கள் மிகக் கொஞ்சம். ஒன்றும் பேசாமல், தோளில் கை வைத்தபடி, மணி அடிக்கும் வரை பக்கத்தில் நின்றாராம். "அந்தாளைப் பாக்கத்தான் ஸ்பெயினுக்கு எண்டு கேட்டவர். போகாத வெக்கத்திலை பிறகு போனும் எடுக்கேல்லை" என்றாள் தங்கை. அந்தக் கதிரையைப் பற்றி அவளிடமும் நான் சொல்லவில்லை.

அதற்குப் பிறகும் மைத்துனர்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போய் வருகிறார். என் மனைவியின் கடைசிக் காலத்தில் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அவருடைய கார்தான் ஓடியது. இப்போது மாதத்துக்கு ஒரு தரம் எனக்குக் கண்ணில் ஊசி போட வேண்டும். "டெர்மின் எத்தினை மணிக்கு, அண்ணை?" என்று மருத்துவர் குறித்த நேரத்தை முதல் நாளே கேட்டுவிட்டு, சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாக வாசலில் நிற்பார். என் மடியில் இப்போது வரைபடம் இல்லை. காரிலுள்ள கருவி ஒரு பெண்குரலில் வழி சொல்கிறது. அவர் அதற்கும் மறுசொல் சொல்வதில்லை.

போன மாதம் போகும்போது ஒரு சந்தியில் சிவப்பு விளக்குக்கு நின்றோம். சைகைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் களைத்துப்போயிருந்தேன். அந்த ஒரு வரியை இத்தனை வருடம் சுமந்த களைப்பு அது.

"தம்பி, அந்த ஸ்பெயின் கடிதத்திலை நான் ஒரு வரி வாசிக்கேல்லை."

அவர் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "கதிரை வரிதானே."

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"எங்கடை மகள் அந்தக் கிழமையே வாசிச்சுச் சொன்னவள், அண்ணை."

"பின்னை ஏன் என்னட்டை ஒண்டும் கேக்கேல்லை?"

"கேட்டு என்ன? நீங்களாச் சொன்னாச் சொல்லட்டும் எண்டு விட்டிட்டன்." விளக்கு பச்சையானது. காரைத் திருப்பியபடி சொன்னார், "கொஞ்சம் கூட நாள் எடுத்திட்டியள்."

மன்னித்துக்கொள்ளும் என்றேன். அவர் ஆஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்திவிட்டு, "பெல்ட்டைக் கழட்டுங்கோ, வந்திட்டுது" என்றார். சுற்றி வந்து கதவைத் திறந்து, நான் படியேறும் வரை முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் இழுப்பறையிலிருந்து வரைபடத்தை எடுத்து மேசையில் விரித்தேன். ஊசி போட்ட கண்ணுக்கு எல்லாம் புகையாகத் தெரிந்தது. தடவிப் பார்த்து அந்தக் குழியில் ஒரு விரலை வைத்தேன். பண்ணை வீட்டைக் குறிக்க நான் ஒட்டியிருந்த சின்னத் தாள் இன்னும் இருந்தது, அதில் மற்ற விரலை வைத்தேன். அரங்குக்கும் மடாலயத்துக்கும் கோட்டைக்கும் தூரத்தையும் நேரத்தையும் கணக்குப் போட்டுக் கொப்பியில் எழுதிய நான், இந்த ஓர் இடத்துக்கு மட்டும் ஒருநாளும் கணக்குப் போட்டதில்லை. அன்றுதான் அளந்தேன். இரண்டு விரலுக்கும் நடுவே பெருவிரல் அகலம்கூட இல்லை. மைத்துனருடைய ஓட்டத்துக்கு அரை மணித்தியாலம் போதும்.