ஆர்ப்பினே தவறவிட்ட வெள்ளிக்கிழமை

ஆர்ப்பினே தன் வாழ்க்கைக் கதையை எழுத உட்கார்ந்து ஒரு வருஷமாகிறது. பாசடேனாவில் கிரகங்களை ஆராய்ந்தே காலம் தள்ளியவள். படித்தது, வேலைக்குச் சேர்ந்தது எல்லாம் மளமளவென்று வந்துவிட்டன. செவ்வாய் கிரகத்தில் இவர்களுடைய ஆராய்ச்சி வண்டி இறங்கிய குளிர்காலத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. பதிப்பகத்துக்காரர்களுக்கோ அதுதான் வேண்டும்.

அந்தக் குளிர்காலத்தில் அவளுடைய கூட்டத்தில் ஒருவர்கூட பூமியில் வாழவில்லை. செவ்வாயின் நாள் நம்முடையதைவிட நாற்பது நிமிஷம் நீளம். அங்கே வண்டி விழிக்கும்போது இங்கே இவர்களும் விழிக்க வேண்டும். அதற்கென்று மெதுவாக ஓடும் கைக்கடிகாரம், வீட்டு ஜன்னலுக்குக் கறுப்புத் திரை, ஆபீஸ் சுவரில் செவ்வாய்க் கணக்கில் ஒரு நாள்காட்டி. கிறுக்குப் பிடித்த கூட்டம்தான். ஆனால் ஆர்ப்பினே அவ்வளவு சந்தோஷமாக வேறெப்போதும் இருந்ததில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பக்கத்து ஊரான க்ளெண்டேலிலிருந்து அம்மா சிரானுஷ் போன் செய்தாள்.

"ஆர்ப்பினே ஜான், என் கண்ணு, இன்னும் அஞ்சு வாரம் கழிச்சு வர்ற வெள்ளிக்கிழமை காலையில என் நெஞ்சைப் பொளக்கப் போறானுங்களாம். உள்ள தள்ளிட்டுப் போறதுக்கு முன்னாடி உன் மூஞ்சியைப் பாத்துடணும்டி. அந்தக் கல்லு மண்ணெல்லாம் எங்கயும் ஓடிடாது."

"கண்டிப்பா வரேம்மா."

அது வண்டிக்கு எத்தனையாவது நாள் என்று, பூமி நாளுக்கு ஒரு செவ்வாய் நாளாக எண்ணி, சுவர் நாள்காட்டியில் வட்டம் போட்டாள். அங்கேதான் கோட்டை விட்டாள். தினமும் நாற்பது நிமிஷமாகத் தள்ளித் தள்ளி, ஒரு மாதத்துக்குச் சற்று மேலே போனால் பூமியின் ஒரு முழு நாள் கணக்கிலிருந்து காணாமல் போய்விடும். இவ்வளவு படித்தவளுக்கு அதுகூடவா தெரியாது? தெரியும். ஆனால் மறந்துவிட்டாள். சுற்றியிருந்தவர்களும் அதே நாள்காட்டியில் வாழ்ந்ததால் எடுத்துச் சொல்ல ஆளில்லை. தூக்கம் கெடுமென்று அந்தக் கடைசி நாட்களில் போனையும் அணைத்து வைத்திருந்தாள்.

வட்டம் போட்ட நாளன்று மாதுளம்பழத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். கட்டிலில் புது விரிப்பு போட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் பையை வாங்கிப்போக வந்திருந்த அண்ணன் வாஸ்கென் வாசலில் நின்றான்.

"எங்கடி போய்த் தொலைஞ்ச? போன் போட்டே விரல் தேஞ்சுபோச்சு."

"இன்னும் நேரம் இருக்கேண்ணா. அம்மா எங்க?"

"இன்னைக்கு சனிக்கிழமை." அவன் அவளை உற்றுப் பார்த்தான். அதற்குப் பிறகு குரலில் கோபமில்லை. "அம்மா நேத்தே போயிட்டா. ஆபரேஷன் மேசையிலயே."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னைத் தேடினாளா?"

இல்லையென்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வாஸ்கெனுக்கு அது வராது.

"ஆபரேஷனுக்கு உள்ள தள்ளிட்டுப் போறப்ப கதவு நிலையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டா. 'கொஞ்சம் இருங்க, பொண்ணு வந்துக்கிட்டே இருக்கா'ன்னு நர்ஸுகிட்ட ஒரே சண்டை. அவங்களும் பாவம், நின்னாங்க. கடைசியில, 'விடு, அவளுக்கு என்ன வேலையோ'ன்னு தானே கையை எடுத்துட்டா."