சாரலில் திரும்பப் பெற்ற கட்டுரை: தென்காசி, குற்றாலம், இரண்டு நாள்

போன ஜூலையில் நான் குற்றாலம் போனது குளிப்பதற்காக இல்லை. ஒருத்தியிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது. அதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சீசன் நன்றாக இருந்ததால் குளிக்கவும் செய்தேன். இந்தப் பதிவில் இரண்டும் கலந்துதான் வரும். வழியும் நேரமும் மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்கள் கடைசியில் இருக்கும் வழித்தகவல்களுக்குப் போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அந்த ஒருத்தி சபீனா. சென்னையில் ஒரே ஆய்வுக்கூடத்தில் ஐந்து வருடம் ஒன்றாக வேலை செய்தோம். பொருளைச் செய்வது அவள், அதன் காந்தத்தன்மையை அளப்பது நான். முனைவர் பட்டம் முடிந்ததும் அவள் சொந்த ஊரான கடையநல்லூருக்குத் திரும்பிவிட்டாள். கணவர் துபாயில். அவள் ஆலங்குளம் ரோட்டில் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருந்தாள். எங்கள் கட்டுரை ஒரு நல்ல ஆய்விதழில் ஏற்கப்பட்டு, அச்சுக்குப் போக இருந்தது. முதல் பெயர் அவளுடையது. அடுத்த வியாழக்கிழமை அவளுக்கு ஒரு நிரந்தர வேலைக்கு இன்டர்வியூ. அந்தக் கட்டுரைதான் அவள் கையில் இருந்த பெரிய பலம்.

கட்டுரை தப்பு என்று நான் கண்டுபிடித்தது அதற்கு ஒன்பது நாள் முன்னால்.

எழும்பூரில் வெள்ளிக்கிழமை இரவு செங்கோட்டை ரயிலில் ஏறினேன். ஸ்லீப்பரில் நானூற்றுச் சொச்சம். சீசன் நேரத்தில் ஒரு மாதம் முன்பே பதிவு செய்துவிடுங்கள். எனக்குத் தட்கலில்தான் கிடைத்தது. ராஜபாளையம் பக்கம் விடிந்தது. வலது பக்க ஜன்னலில் உட்காருங்கள், மலை அந்தப் பக்கம்தான். மலை என்று சொன்னாலும் அன்று காலை தெரிந்தது மேகம் மட்டும். அதற்குள் அவ்வப்போது ஒரு நீலம் வந்து போனது. நான் பாதித் தூக்கத்தில் சபீனாவிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பொருள் ஒரு கறுப்புத் தூள். உள்ளே அணுக்கள் அடுக்கடுக்காக உட்கார்ந்திருக்கும். ஒரு தளத்தில் மாங்கனீசு, ஒவ்வொரு மாங்கனீசையும் சுற்றி ஆறு ஆக்சிஜன் சேர்ந்த ஒரு கூண்டு. தளங்களுக்கு நடுவே ஸ்ட்ரான்சியம். ஒவ்வொரு மாங்கனீசும் ஒரு குட்டிக் காந்தம். நன்றாகக் குளிர்வித்தால் அக்கம்பக்கத்துக் காந்தங்கள் எதிரெதிர்த் திசையில் நின்று ஒன்றை ஒன்று அழித்துவிடும். வெளியே எதுவும் மிஞ்சாது. இதில் ஸ்ட்ரான்சியம் இருந்த இடங்கள் சிலவற்றில் கால்சியத்தை வைத்தோம். அதே குடும்பம், ஆனால் உருவத்தில் சிறியது. பெரிய ஆள் எழுந்துபோன இருக்கையில் சின்ன ஆள் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் சற்றே அசைந்து உட்காருவார்கள் இல்லையா, அதுபோல ஆக்சிஜன் கூண்டுகள் லேசாகத் திரும்புகின்றன. நேராக இருந்த பிணைப்புகள் வளைகின்றன. வளைந்தால் எதிரெதிரே நின்ற காந்தங்கள் கொஞ்சம் சாயலாம். சாய்ந்தால் முழுக்க அழியாமல் ஒரு துளி காந்தம் மிஞ்சலாம். அந்தத் துளியைத்தான் நாங்கள் தேடினோம்.

கிடைத்தது என்றும் நினைத்தோம். நாற்பத்து மூன்று கெல்வினில், அதாவது மைனஸ் இருநூற்று முப்பது டிகிரியில், வரைபடத்தில் ஒரு சின்ன மேடு. அன்று இருவரும் கேன்டீனில் ஆளுக்கு இரண்டு காபி குடித்தோம். சிக்கல் என்னவென்றால், ஏறத்தாழ அதே வெப்பநிலையில் காந்தமாகும் வேறொரு பொருளும் உண்டு. சாதாரண மாங்கனீசு ஆக்சைடு வகை ஒன்று. உலையில் சரியாக வினைபுரியாமல் சிட்டிகை அளவு மிஞ்சியிருந்தாலே போதும், இதே மேடு வரும். அச்சுக்குப் போகும் முன் ஒரு சந்தேகத்தில் அதே தூளை மறுபடி அரைத்து இரண்டு நாள் உலையில் வைத்து அளந்தேன். மேடு காணாமல் போயிருந்தது. அப்படியானால் அது அந்த மிச்சத்தின் மேடு, எங்கள் பொருளுடையது இல்லை.

தென்காசியில் இறங்கும்போது மணி எட்டு. வெயில் அடித்தது, கூடவே தூறியது. இந்த ஊரில் ஜூலை மாதம் முழுக்க இப்படித்தான், குடையை விரிப்பதா மடிப்பதா என்று யாரும் யோசிப்பதில்லை. ஆட்டோக்காரரிடம் மெயின் அருவி என்றேன். அவர் திரும்பிப் பார்க்காமலே, "அங்கன இன்னைக்கு விடமாட்டாவ. தண்ணி கூடுதலா விழுது. ஐந்தருவிக்குப் போங்க," என்றார். தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர், அங்கிருந்து ஐந்தருவி இன்னும் நாலு. இருநூற்று ஐம்பது ரூபாய். பஸ்ஸில் வந்தால் இதில் பத்தில் ஒரு பங்கு கூட ஆகாது. ஆனால் ஆட்டோவில் முகத்தில் சாரல் அடிக்கும், அதற்காகக் கொடுக்கலாம்.

குற்றாலம் ரோட்டில் ஒரு லாட்ஜில் பையைப் போட்டுவிட்டுப் பத்து மணிக்கு ஐந்தருவி போனேன். சபீனா கடையநல்லூரிலிருந்து பஸ் பிடித்து எனக்கு முன்பே வந்து நின்றாள். இரண்டு வருடத்தில் கொஞ்சம் மெலிந்திருந்தாள். வந்த விஷயத்தைக் கேட்கவே இல்லை. கட்டுரை அச்சாகப் போவதைக் கொண்டாட வந்திருக்கிறேன் என்று அவளாகவே முடிவு செய்திருந்தாள். அவள் கல்லூரி முதல்வரிடம்கூடச் சொல்லிவிட்டாளாம்.

குளித்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். பெண்கள் பக்கம் கூட்டம் இருந்தது, ஆனால் யாரும் யாரையும் தள்ளவில்லை. அருவிக்குள் தலையைக் கொடுத்ததும் சத்தம் எல்லாம் ஒரே சத்தமாகிப் பிறகு சத்தமே இல்லாதது போல ஆகிவிட்டது. கண்ணை மூடினால் வெளிச்சம் பச்சையாகத் தெரிந்தது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. நான் யார், எதற்கு வந்தேன் என்பது தண்ணீரோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போனது. சபீனா கையைப் பிடித்து இழுத்துதான் வெளியே வந்தேன்.

வெளியே பழக்கடைகள். மங்குஸ்தான் அரைக் கிலோ வாங்கிக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்தோம். தலை துவட்டாமலே சொன்னேன். அவள் ஒரு பழத்தை உடைத்தபடி கேட்டாள். நான் முடித்ததும், எந்த வெப்பநிலையில் அந்த மேடு வந்தது என்று கேட்டாள், தெரியாதவள் போல. நாற்பத்து மூன்று என்றேன். தூளில் என்னென்ன கலந்திருக்கிறது என்று காட்டும் பழைய எக்ஸ்ரே வரைபடத்தைக் காட்டச் சொன்னாள். என் போனை வாங்கி, ஈர விரலால் பெரிதாக்கினாள். திரை சரியாக நகரவில்லை. துப்பட்டாவில் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். பெரிய சிகரங்களுக்கு நடுவே இரைச்சலோடு இரைச்சலாக, அந்த ஆக்சைடு வரவேண்டிய இடத்தில், இரண்டு சின்னச் சின்ன மேடுகள் இருந்தன.

"இதை நான் அன்னைக்கே பாத்தேன்," என்றாள். "சும்மா இரைச்சல்னு நெனச்சுக்கிட்டேன். அப்படி நெனைக்கணும்னு ஆசை."

நானும் பார்த்தேன் என்று ஒப்புக்கொண்டேன். அதுதான் உண்மை. இருவருமே பார்த்திருந்தோம், ஒருவருக்கொருவர் சொல்லவில்லை.

குளித்து முடித்த குடும்பங்கள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டாள். "வியாழக்கெழமை வரைக்கும் பொறுக்க முடியாதாட்டி? வெள்ளிக்கெழமை நானே எழுதிருதேன்."

முடியும் என்றேன். யோசிக்கக்கூட இல்லை. உண்மையைச் சொல்ல அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் வந்தவள் நான். அந்த ஒரு சொல்லைச் சொன்னதும் எனக்கு வந்த நிம்மதியை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. அவள் தலையாட்டினாள். மீதிப் பழத்தை என் பையில் போட்டுவிட்டு, மறுநாள் காலை சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பார்க்கப் போகலாம் என்று சொல்லி பஸ் ஏறினாள். அன்று மாலை முழுக்க லாட்ஜ் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். மலை தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது. நினைக்க எதுவும் இல்லாத ஆள் போல அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு காலை ஏழரைக்குத் தென்காசி பஸ் நிலையத்தில் சேர்ந்து ஆட்டோ பிடித்தோம். சுந்தரபாண்டியபுரம் ஒன்பது கிலோமீட்டர், இருபத்தைந்து நிமிடம். வயல்களில் சூரியகாந்தி இடுப்பு உயரத்துக்கு நின்றது. எல்லாப் பூவும் கிழக்கே பார்த்து நிற்க, அவற்றின் மேல் மேக நிழல் மெல்ல நகர்ந்து போனது. நிழல் வந்த இடத்தில் மஞ்சள் அடங்கியது, போன இடத்தில் திரும்ப எழுந்தது. வரப்பில் நடக்க நடக்கக் கால் தரையில் படுவது போலவே இல்லை. வயல்காரர் ஒருவர் செடியை மிதிக்காமல் படம் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்.

சபீனா வரப்பில் நின்று, "அனுப்பிட்டேன்," என்றாள்.

என்ன என்று கேட்டேன். காலையில் சுபுஹுத் தொழுகை முடிந்ததும் ஆய்விதழுக்கு எழுதிவிட்டாளாம். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம், காரணம் இன்னது என்று நாலே வரி. எனக்கும் எங்கள் பேராசிரியருக்கும் நகல். நான் போனைப் பார்க்கவே இல்லை.

வியாழக்கிழமை வரை பொறுக்கலாம் என்றுதானே பேசினோம் என்றேன். அவள் ஒரு பூவின் பின்பக்கத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்கன உக்காந்து அந்த மேட்டைப் பத்திக் கேப்பாவ. நான் பதில் சொல்லுவேன், நல்லாவே சொல்லுவேன். அதான் பயமா இருந்துச்சு," என்றாள்.

நான் சம்மதித்த பொய்யை அவள் ஒருத்தியாக வேண்டாமென்று சொல்லியிருந்தாள். மன்னிப்புக் கேட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு வயலின் மறு முனை வரை நடந்தாள். அங்கே இருவரும் வரப்பிலேயே உட்கார்ந்து, கட்டுரையில் எது மிஞ்சும் என்று கணக்குப் பார்த்தோம். காந்தத் துளி போய்விட்டது. ஆனால் கால்சியம் கூடக் கூட அடுக்குகள் எவ்வளவு சுருங்குகின்றன, கூண்டுகள் எவ்வளவு திரும்புகின்றன, எதிரெதிர் வரிசை குலையும் வெப்பநிலை எப்படிப் படிப்படியாகக் குறைகிறது என்பதெல்லாம் அப்படியே நின்றது. சின்னக் கட்டுரைதான். எல்லாத் தூளையும் திரும்பச் சுட்ட பிறகே அனுப்புவது என்று முடிவு செய்தோம். எழுந்தபோது பத்து மணி, என் சுடிதார் முழுக்க மகரந்தம்.

வழித்தகவல்கள். சாரல் ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை, சில வருடம் முன்பின் ஆகும். சனி ஞாயிறு தவிர்த்தால் நிம்மதி. எந்த அருவியில் குளிக்க விடுகிறார்கள் என்பதைக் காலையில் ஆட்டோக்காரரிடம் கேளுங்கள், இணையத்தை நம்பாதீர்கள். தடை போட்டிருந்தால் தள்ளியே நில்லுங்கள், மேலே பெய்யும் மழை கீழே இருப்பவருக்குத் தெரியாது. மாற்றுத்துணி இரண்டு செட் வேண்டும், எதுவும் காயாது. சூரியகாந்தி ஜூலை கடைசி, ஆகஸ்டில். எட்டு மணிக்குள் போய்விடுங்கள், பிறகு கார்கள் வந்துவிடும். ரயில், அறை, சாப்பாடு, ஆட்டோ எல்லாம் சேர்த்து எனக்கு நாலாயிரத்து இருநூறு ஆனது.

அந்த வேலை சபீனாவுக்குக் கிடைக்கவில்லை. விண்ணப்பத்தில் இருந்த கட்டுரை எங்கே என்று கேட்டார்களாம், நடந்ததைச் சொன்னாளாம். ஒருவர் மட்டும் ஏதோ குறித்துக்கொண்டாராம். சின்னக் கட்டுரை இந்த வருடத் தொடக்கத்தில் ஒரு சின்ன இதழில் வந்தது. ஒரு மலர் மாலையும் இல்லை, காபியும் இல்லை. இப்போது கல்லூரி விடுமுறைக்கு அவள் சென்னை வந்திருக்கிறாள், பழைய உலையிலேயே, கால்சியம் இன்னும் கூட்டி ஒரு தூள் செய்கிறாள். போன வாரம் அளந்து கொடுத்தேன். எண்பது கெல்வின் பக்கம் ஒரு மேடு இருக்கிறது.

நான் பார்த்ததும் வாய் திறந்தேன். அவள் தாளை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். "இன்னும் ரெண்டு தரம் சுடுதேன். பெறவு பேசுவோம்," என்றாள்.

நான் இதை எழுதும்போது முதல் தரம் முடிந்திருக்கிறது. மேடு அப்படியே இருக்கிறது. அவள் மறுபடி அரைத்துக்கொண்டிருக்கிறாள்.