சாட்சி சொன்ன ஞாயிறு

எங்கள் சபையில் ஆராதனை முடியும் முன் சாட்சி நேரம் உண்டு. அந்த வாரம் ஆண்டவர் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டது, மகளுக்கு வரன் அமைந்தது என்று சொல்வார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். மேலகரத்தில் வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டுப் பிழைக்கிறவன். எனக்குக் கோர்வையாகப் பேச வராது. அன்றைக்கு வந்துவிட்டது.

அடுத்த வீட்டு அண்ணாச்சி குற்றாலத்தில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. அவர் மனைவி அருவிக்குப் போகிற பாதையில் துண்டும் அரை நிஜாரும் விற்கிறாள். சீசன் நேரத்து வியாபாரம்தான் அவர்களுக்கு வருஷம் முழுக்கச் சோறு. சாரல் தொடங்கியதும் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, மத்தியானம் ஒரு தடவ இவியள எட்டிப் பாத்துக்கிடுவீயளா? சோறு ஊட்டணும். சில நேரம் துணியும் மாத்தணும்."

கடைசியில் சொன்னதைத் தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"இதுக்குப் போயி இம்புட்டு யோசிக்கியே தங்கச்சி. நீ கடைக்குப் போ."

தினமும் போனேன். முதல் நாள் நான் துடைத்துவிட்டபோது அண்ணாச்சி கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஒரு வாரத்தில் பழகிவிட்டது. வேட்டி கட்டிவிடும்போது, வாய் ஒரு பக்கம் இழுக்க, "ஏலே டெய்லரு, அளவு எடுக்காமலே கட்டுதியே" என்பார். அந்த நாள்களில் ஜெபத்தில் முழங்கால் போட்டால் மனசு லேசாக இருந்தது. என்னால் ஆண்டவருக்கு ஆன ஊழியம் இதுதான் என்று நினைத்தேன். அதுவரை சரியாகத்தான் இருந்தேன்.

அந்த ஞாயிறு, சபையில் கொஞ்சம் வசதியான சகோதரர் ஒருவர் எழுந்து, ஆஸ்பத்திரி வாசலில் பிரியாணிப் பொட்டலம் கொடுத்ததைச் சொன்னார். எல்லாரும் ஸ்தோத்திரம் என்றார்கள். எனக்குள் ஏதோ அரித்தது. எழுந்துவிட்டேன்.

பேரைச் சொல்லவில்லை. 'குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்கிற ஒருவர், என் பக்கத்து வீடு' என்று மட்டும் சொன்னேன். அது போதாதா? அவர் படுக்கையை நனைத்துவிடுவதையும், நான் முகம் சுளிக்காமல் துடைப்பதையும் விவரமாகச் சொன்னேன். எனக்கே கண் கலங்கியது. இரண்டு பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள்.

வீட்டுக்கு நடக்கையில் என் மனைவி சொன்னாள்: "நல்லாத்தான் பேசுனீய. அந்த நனைஞ்ச வேட்டியையும் கையோட கொண்டுபோயிக் காட்டிருக்கலாம்லா."

அவள்மேல் எனக்குக் கோபம் வந்தது.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் போனால், கடையில் இருக்க வேண்டியவள் வீட்டு வாசலில் நின்றாள். உள்ளே விடவில்லை.

"ஒங்க சபை அக்கா ஒருத்தி துண்டு வாங்க வந்தா. நாலு பேரு நிக்க, 'ஒன் வீட்டுக்காரரு படுக்கையிலயே போயிருதாராமே, பாவம்'ங்கா. அவளுக்கு எப்படித் தெரியும் அண்ணே?"

உள்ளேயிருந்து அண்ணாச்சி குரல் வந்தது. ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது.

"நான் எத்தன ஆயிரம் பேரத் தேச்சிருப்பேன். எவன் ஒடம்புல என்ன புண்ணு, என்ன தழும்புன்னு ஒருத்தன்ட்ட சொல்லிருப்பனாலே?"

நான் வாசலிலேயே நின்று அழுதேன். அவள் அழவில்லை.

"மன்னிச்சிரு தங்கச்சி. நாளையிலருந்து வழக்கம்போல…"

"வேண்டாம். இனி நீங்க இவியளத் தொட வேண்டாம். கடையையும் மூட முடியாது, சீசன் போயிரும். நீங்க மத்தியானம் வந்து கடையில உக்காருங்க. நான் பஸ் ஏறி வந்து இவியளப் பாத்துட்டுத் திரும்புதேன்."

மறுநாளே போய் உட்கார்ந்தேன். குளித்துவிட்டு ஈரத்தோடு வருகிறவர்களிடம், "வாங்க சார், நிஜார் வாங்க" என்று கூவ வேண்டும். வெட்கமாக இருந்தது. தெரிந்த முகம் வந்தால் துணிக்கட்டுக்குப் பின்னால் குனிந்துகொள்வேன். துண்டு விற்பதற்கே எனக்கு இப்படிக் கூசுகிறதே, அந்த மனுஷனை நான் எப்படி சபை நடுவில் கிடத்திக் காட்டினேன் என்று அங்கே உட்கார்ந்துதான் நினைத்தேன்.

ஒருநாள் பிரியாணி கொடுத்த அந்தச் சகோதரர் குடும்பத்தோடு குளிக்க வந்தார். குனிவதற்குள் பார்த்துவிட்டார்.

"என்ன பிரதர், தையல விட்டுட்டு இங்கன கடை போட்டுட்டீயளா?"

பக்கத்து வீட்டுக்கு ஒரு உதவி என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவ்வளவு சொன்னால் போதும், மீதியை அவரே கேட்டு வாங்கிவிடுவார்.

"சும்மாதான் பிரதர்," என்றேன். "ஒங்களுக்கு என்ன சைஸு?"

சீசன் முடிந்துவிட்டது. கடையை மூட்டை கட்டியாயிற்று. மத்தியானம் மெஷினை நிறுத்தினால் அண்ணாச்சி இருமுவது சுவர் வழியாகக் கேட்கிறது. இன்னும் என்னைக் கூப்பிடவில்லை. சாட்சி நேரம் வந்தால் நான் தலையைக் குனிந்துகொள்கிறேன்.