இரவல் வாங்கிய கனம்

இந்த எண்பத்து மூன்றாம் வருடம், சித்திரைக் கடைசி. சேலம் பஸ் ஸ்டாண்டில், ராசிபுரம் பஸ்ஸின் பின்பக்க ஏணியில் பாதி ஏறி நின்றபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. என் தலைக்கு மேல் எங்கள் மெல்லிசைக் குழுவின் பேஸ் ஆம்ப்ளிஃபையர் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. மேலே நின்று இழுத்தவன் எங்கள் டிரம்ஸ்காரன், பாலிடெக்னிக்கில் என் வகுப்புத் தோழன். திடீரென்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். கயிறு நழுவி, பெட்டி என் தோளில் இறங்கியது. கண்டக்டர் ஓடி வந்து கீழேயிருந்து முட்டுக் கொடுக்காவிட்டால் இதை எழுத நான் இருந்திருப்பேனா, தெரியாது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவனுக்குத் தோன்றியது: டிரான்சிஸ்டர் வந்த பிறகும் நாம் ஏன் இந்தப் பாறையைச் சுமக்கிறோம்?

பாறை என்று சொன்னேனே தவிர, அதை மட்டம் தட்ட மனசு வராது. தேக்குப் பலகை, பதினைந்து அங்குல ஸ்பீக்கர், உள்ளே வால்வுகள், செங்கல் செங்கலாக இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்கள். பேஸ் கிடாரின் தடித்த கம்பியை ஒரு தட்டுத் தட்டினால் ஓசை காதுக்கு வருமுன் வயிற்றுக்கு வந்துவிடும். ஆனால் நாங்கள் போவதெல்லாம் கல்யாண வீடும் பள்ளிக்கூட ஆண்டு விழாவும். நூறு பேர் கேட்கிற இடத்துக்கு நாலு பேர் தூக்குகிற பெட்டி எதற்கு?

அஸ்தம்பட்டியில் என் வாடகை அறையில் மூன்று வாரம் உட்கார்ந்தேன். நூலகப் புத்தகத்தைப் பார்த்து டிரான்சிஸ்டர் சர்க்யூட், பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்று, டீத்தூள் வருகிற ஒட்டுப்பலகைப் பெட்டியைப் பிரித்து அறுத்த கூடு. ஒற்றைக் கையில் தூக்கலாம். அறையில் வாசித்துப் பார்த்தபோது ஜன்னல் கம்பி அதிர்ந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

குழுவை நடத்துகிற அண்ணன்தான் எங்கள் பாடகர். பெட்டியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். வெண்ணந்தூர் கல்யாணத்துக்கு இதையே கொண்டுவரச் சொன்னார். சத்தம் சரியில்லை என்றால், அடுத்த கச்சேரியிலிருந்து ஈரோட்டுக்காரர் ஒருவர் சொந்த ஆம்ப்ளிஃபையரோடு வாசிக்க வருவார், பேசி வைத்திருக்கிறேன் என்றும் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் பயமாக இருந்தது. பேஸ் வாசிப்பதைத் தவிர எனக்கு அந்தக் குழுவில் வேறு இடம் இல்லை.

வெண்ணந்தூரில் நெசவுக் குடும்பத்துக் கல்யாணம். காலை முகூர்த்தம் முடிந்து, ஒரு பக்கம் பந்தி, ஒரு பக்கம் எங்கள் பாட்டு. தார் டிரம்களின் மேல் பலகை போட்டு மேடை. முதல் பாட்டின் முதல் சுரத்தைத் தட்டினேன். அறையில் கேட்ட ஓசை எங்கே போனதென்று தெரியவில்லை. தகர டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டு ஆட்டியதுபோல் ஒரு கடகடப்பு மட்டும். போதாக்குறைக்குப் பெட்டி ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் அங்குலம் நகர்ந்து மேடை விளிம்புக்குப் போய்க்கொண்டிருந்தது.

இரண்டாவது பாட்டு முடிந்ததும் அண்ணன் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, “உன் பொட்டி பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேக்குதாட்ட இருக்குது. எறக்கி வுட்ரு” என்றார். மூன்றாவது பாட்டு பேஸ் இல்லாமல் தொடங்கியது. நான் ஒயரைக்கூடப் பிடுங்காமல் பெட்டியை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு மேடையை விட்டு இறங்கினேன். அது அவ்வளவு லேசாக இருந்ததற்கு அன்றைக்குத்தான் முதல்முறையாக வெட்கப்பட்டேன்.

மாப்பிள்ளையின் தங்கை, என் வயதுதான் இருக்கும், பந்தியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நேராக என்னிடம் வந்தார். பெட்டி நகர்ந்ததை அங்கிருந்தே கவனித்திருக்கிறார். பக்கப் பலகையில் உள்ளங்கையை வைத்து, என்னைக் கம்பியைத் தட்டச் சொன்னார். தட்டினேன்.

“போல்ட்டு முடுக்காம ஓட்டுனா எங்கூட்டுத் தறியும் இப்படித்தானுங்க நடக்கும். பலம் பூரா ஆட்டத்துலயே போயிருது.”

எனக்குச் சுருக்கென்றது. கனம் இல்லாததுதான் காரணம் என்று எனக்கும் தெரியும், சுமக்க முடியாமல்தான் இப்படிச் செய்தேன் என்று படித்தவன் தோரணையில் விளக்கினேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“கனம் இங்கயே இருக்குதுங்களே. அத எதுக்குங்க சேலத்துல இருந்து சொமந்துட்டு வாரீங்க?”

அடுத்த ஐந்து நிமிடம் அவர் சொன்னதைத்தான் செய்தேன். மேடையை ஒட்டி வீட்டுச் சுவரும் மதில் சுவரும் சேருகிற மூலையில், சிமெண்டுத் தரையில் பெட்டியை வைக்கச் சொன்னார். தறி மூலையில் ஓடினால் அடுத்த வீட்டுக்கும் சேர்த்து அதிருமாம். அப்போதுதான் உறைத்தது, என் அறையிலும் பெட்டி மூலையில்தான் இருந்தது! அதை நான் ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை. பிறகு சமையல்கட்டிலிருந்து அரிசி மூட்டை வந்தது. ஒன்று மேலே, பக்கத்துக்கு ஓர் அரை மூட்டை. சமையல்காரர் பின்னாலேயே வந்து, “அரிசி பத்தலைன்னா இந்தப் பொட்டியத்தான் ஒலையில போடோணும், பாத்துக்கோ சாமி” என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டுப் போனார்.

நாலாவது பாட்டின் நடுவில், கேட்காமலே புகுந்தேன். தடித்த கம்பியில் ஒரே ஒரு தட்டு.

வந்தது. உருண்டையாக, முழுசாக, தரை வழியாக. டிரம்ஸ்காரன் இடுப்பு வலியையும் மறந்து நிமிர்ந்தான். அண்ணன் திரும்பிப் பார்த்தார். பாட்டு முடிந்ததும், பேஸ் இல்லாமல் பாடிய மூன்றாவது பாட்டை மறுபடியும் முதலிலிருந்து எடுத்தார். சாப்பிடும்போது, ஈரோட்டுக்காரருக்கு வர வேண்டாம் என்று ஒரு கார்டு போட்டுவிடுகிறேன் என்றார்.

பழைய தேக்குப் பெட்டிக்கு இது சமமில்லை. முக்கால் பங்குதான் தேறும். திறந்தவெளித் திருவிழாவுக்கு இன்றைக்கும் அதைத்தான் தூக்குவோம்.

மூட்டைகளைத் திருப்பிக் கொடுத்தபோது அந்தப் பெண் ஒன்றே ஒன்று கேட்டார், கம்பி ஆடுவது ஒயருக்குள் எப்படிப் போகிறது என்று. கம்பிக்கு அடியில் காந்தம் இருக்கிறது என்று ஆரம்பித்தேன். நான் முடிப்பதற்குள் மீதியை அவரே சொல்லிவிட்டார். பாலிடெக்னிக்கில் எனக்கு அது புரிய ஒரு பருவம் பிடித்தது.

கனமா லேசா என்று மூன்று வாரம் மண்டையைக் குடைந்தவன் நான். போகிற இடத்தில் கனத்தைக் கேட்டு வாங்கலாம் என்பது மட்டும் தோன்றவே இல்லை. பெட்டியின் இருபுறமும் கொக்கி அடித்து, தடித்த துணியில் நாலு பைகள் தைக்கக் கொடுத்திருக்கிறேன். வருகிற ஞாயிறு திருச்செங்கோட்டில் ஒரு புதுமனை புகுவிழா. மொட்டை மாடியில் கச்சேரி, மூலைச் சுவர் கிடையாது. கிடாரைத் தொடும் முன் வீட்டுக்காரரிடம் நாலு கூடை மணல் கேட்க வேண்டும். கூச்சப்படாமல் கேட்க இப்போதிருந்தே பழகிக்கொண்டிருக்கிறேன்.